பதிவகத்தில் இன்று அமாவாசை

ஒருங்கிணைந்த நெசவுத் தொழிலோர் நலப் பதிவகத்தின் எடப்பாடிக் கிளையில் சாயங்காலம் ஐந்தே முக்கால் ஆனால் வாட்ச்மேன் வந்து மெயினை இறக்கிவிடுவார். உள்ளே யார் என்ன செய்துகொண்டிருந்தாலும் சரி. மின்சாரச் சிக்கனம் பற்றி ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. தறிப்பட்டறையில் மெயினை இறக்கினால் தறி நிற்கும், மறுநாள் தூக்கினால் ஓடும். கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று அந்தச் சுற்றறிக்கையை எழுதிய மகராசன் நினைத்திருக்கிறான். அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி.

என் பெயர் முனீர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி ஷம்ஷாத் தறிப்பட்டறைக்கு, ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றும் வேலைக்குப் போகிறாள். அதனால் பதிவகத்தின் அட்டை அவளுக்கு உண்டு. எங்கள் ஒரே மகள் தஸ்னீமுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காதுக்குள் கருவி வைக்கும் அறுவைக்குச் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். பிள்ளைக்கு ஆறு வயது முடிவதற்குள், அவள் ஷம்ஷாத்தைச் சார்ந்தவள் என்று பதிவகம் கொடுக்கும் சான்று அவர் கைக்கு வர வேண்டும். சான்றின் தேதி மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஆறு முடிந்துவிட்டால் அந்த வரிசையில் அவளுக்கு இடம் கிடையாது.

தஸ்னீமுக்கு ஆறு முடிவது செப்டம்பர் பதினெட்டு. நான் பதிவகத்துக்குப் போனது ஆகஸ்ட் பதினெட்டு. ஒரே ஒரு காகிதம், முழுசாக ஒரு மாதம், போதாதா என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கவுண்டரில் யாரும் இல்லை. உதவிப் பதிவாளர் நந்தகுமார் தன் அறை வாசலில் நின்று என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்க பாய், வாங்க! நீங்க கம்ப்யூட்டர் கடை பாய்தானுங்களே? சாமி கொண்டாந்து உட்ட மாதிரி வந்தீங்க. இங்க கம்ப்யூட்டர் செத்துக் கெடக்குதுங்க. மூணு நாளா ஒரு சான்றும் போகல. சித்தெ பார்த்து உடுங்க, உங்க சான்றுதான் மொதல் சான்று."

உள்ளே போய்ப் பார்த்தேன். பதிவகத்தின் மென்பொருளை இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது ஒரே ஒரு பழைய ஓ.எஸ்.ஸில், அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளில்தான் ஓடும். அந்த ஓ.எஸ். இருந்த பழைய கம்ப்யூட்டர் பழுதானதும் புது சர்வர் வாங்கி, அதற்குள் பழைய கம்ப்யூட்டர் மாதிரியே ஒன்றை மென்பொருளாலேயே செய்து வைத்துவிட்டார்கள். நாங்கள் அதை வி.எம். என்போம். அதற்கு உடம்பு கிடையாது. ஒரு பெரிய ஃபைல், அவ்வளவுதான். ஆனால் தனக்கென்று டிஸ்க் இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு உள்ளே ஒரு ஓ.எஸ். ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே தினமும் மெயினை இறக்கினால் அது என்ன ஆகும்? ஓ.எஸ். நார் நாராகக் கிழிந்து கிடந்தது.

முதலில் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். மீட்பு டிஸ்க் போட்டு எழுப்பிப் பார்த்தேன், ஆயிரக்கணக்கில் பிழை. நல்லவேளையாகப் பதிவேடுகள் தனி டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. ஓ.எஸ். இருந்த டிஸ்க்குக்குப் பழைய ஸ்னாப்ஷாட் ஒன்றும் இருந்தது. ஓடுகிற கம்ப்யூட்டரை ஒரு நிமிஷத்தில் அப்படியே பிடித்து வைப்பதுதான் ஸ்னாப்ஷாட். எப்போது வேண்டுமானாலும் அந்த நிமிஷத்துக்குத் திரும்பிப் போகலாம். அதை எடுத்தவன் விவரமானவன். அமாவாசையில் எடுத்திருந்தான். அன்றைக்கு ஊரில் தறிகள் ஓடாது, மின்னழுத்தம் ஆடாமல் இருக்கும்.

ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினேன். வி.எம். தூங்கி எழுந்த குழந்தையாட்டம் கண்ணைத் திறந்தது. பதிவேடுகள் அத்தனையும் இருந்தன. திரையின் மூலையில் தேதி மட்டும் 11-02-2021 என்று காட்டியது. அது ஸ்னாப்ஷாட் எடுத்த தேதி. இரண்டு சொடுக்கில் மாற்றிவிடலாம். மவுஸை அந்த மூலைக்கு நகர்த்தினேன்.

"பாய்! கைய எடுங்க!" என்று நந்தகுமார் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அவர் உள்ளங்கை வேர்த்திருந்தது.

"தேதி தப்பா இருக்குங்க சார். மாத்தி உட்டுடறேன்."

"போன வருசம் வேறொரு கிளையில ஒருத்தர் ஒரே ஒரு நாளு தேதிய மாத்திப்புட்டாருங்க. இன்னிக்கு வரைக்கும் சஸ்பென்ஷன். ஒரு நாளுக்கே அப்புடீன்னா நாலரை வருசத்துக்கு என்னைய என்ன பண்ணுவாங்க? தேதி தப்பா இருந்தா அது கம்ப்யூட்டர் பண்ண தப்பு. அதைச் சரி பண்ணா அது நான் பண்ண தப்பு. எனக்கு இன்னும் பதினோரு வருசம் சர்வீஸ் கெடக்குதுங்க பாய்."

"சரிங்க சார், என்னோட சான்று?"

"தலைமைக்கு எழுதிக் கேக்கறேன். நாளைக்கு வாங்க."

மறுநாள் போனபோது வாசலில் வாட்ச்மேன் முகக்கவசம் போட்டுக்கொண்டு நின்றார். என் நெற்றியில் ஒரு துப்பாக்கியை வைத்தார். காய்ச்சல் பார்க்கும் கருவி. பாட்டரி இல்லாமல் அதன் கண்ணாடி கறுத்திருந்தது. "சரியா இருக்குது, போங்க. மாஸ்க் போட்டுட்டுப் போங்க" என்றார். இரண்டாயிரத்து இருபத்தொன்று பிப்ரவரியில் அமலில் இருந்த சுற்றறிக்கைகளை எல்லாம் பீரோவிலிருந்து எடுத்துப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நடுவில் கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு: "கணினி காட்டும் தேதியே அலுவலகத் தேதி." கவுண்டரின் கதவு சாத்தியிருந்தது. அதன்மேல் இன்னொரு அட்டை: "இன்று அமாவாசை. மனுக்கள் பெறப்படமாட்டா."

இதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். சான்று கொடுக்கும் நாளில் தறி ஓடுவதை ஆய்வாளர் நேரில் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். அமாவாசையில் தறி ஓடாது. ஆகவே அமாவாசையில் சான்று கிடையாது.

நந்தகுமாரின் நாற்காலியில் கந்தப்பன் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகி, தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவரை ஆள் விட்டுக் கூட்டி வந்திருந்தார்கள். பொறுப்புப் பட்டியலின்படி அந்தத் தேதியில் இந்தக் கிளைக்கு அதிகாரி அவர்தான். நந்தகுமார் அந்தத் தேதியில் வேறு ஊரில் இருந்தவர். ஆகவே இப்போது மனுதாரர்களுக்கான பெஞ்சில், கையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க பாய். என்ன வேணும்?" என்றார் கந்தப்பன். நரைத்திருந்த மீசைக்குச் சாயம் போட்டிருந்தார். வாழ்நாளில் யாருக்கும் கிடைக்காத ஒன்று கிடைத்த மாதிரி இருந்தார்.

நான் தஸ்னீமைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னேன். வெளியே நாலா பக்கமும் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்ததால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"அய்யா, இதோ தறி ஓடற சத்தம் உங்களுக்கே கேக்குதுங்களே. இன்னிக்கு எங்கீங்க அமாவாசை?"

கந்தப்பன் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு வருத்தமாகத் தலையை ஆட்டினார். "கேக்குது, கேக்குது. அமாவாசைன்னு தெரிஞ்சும் ஓட்டறானுங்க பாருங்க. ஊரு கெட்டுப் போச்சு. அம்பது பட்டறைக்கு நோட்டீஸ் அடிக்கச் சொல்லியிருக்கறேன்."

அன்று சாயங்காலம் வாட்ச்மேன் மெயினை இறக்கினார். மறுநாள் காலை ஓ.எஸ். மறுபடி கிழிந்து கிடந்தது. மறுபடி என்னைக் கூப்பிட்டார்கள். மறுபடி ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினேன். மறுபடி பிப்ரவரி பதினொன்று, மறுபடி அமாவாசை.

"மெயினை இறக்கறதுக்கு முன்னால கம்ப்யூட்டர முறையா அணைச்சாப் போதும்ங்க. நானே அணைச்சுட்டுப் போறேன்" என்றேன்.

"அது அலுவலக உதவியாளர் வேலைங்க பாய். நீங்க தொடக் கூடாது" என்றார் கந்தப்பன்.

"அவரக் கூப்பிட்டு அணைக்கச் சொல்லுங்க."

கந்தப்பன் பேனாவை மூடினார். பெஞ்சிலிருந்த நந்தகுமார் தரையைப் பார்த்தார். உதவியாளர் நாச்சிமுத்து கொரோனா இரண்டாவது அலையில் இறந்து போனவர். ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டாயிரத்து இருபத்தொன்று பிப்ரவரி பதினொன்றாம் தேதி வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருந்தது. வேலைக்கு வந்தவரை வரவில்லை என்று எழுத யாருக்கும் அதிகாரம் கிடையாது.

"வந்திருக்கறாரு. வேலை நேரத்துல எங்காச்சும் போயிருப்பாரு, வரட்டும்" என்றார் கந்தப்பன் மெதுவாக.

மூலையில் இருந்த ஸ்டூலைத் துடைத்து வைத்திருந்தார்கள். பதினோரு மணிக்கு எல்லோருக்கும் டீ வந்தபோது அதன்மேலும் ஒரு டம்ளர் வைத்தார்கள். அது ஆடை படிந்து ஆறும் வரைக்கும் அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகு அந்த மூலைக்கு முதுகைக் காட்டி உட்காருவதைத் தவிர்த்தேன்.

நாச்சிமுத்துவின் மனைவி செல்லியம்மாள் அதே அலுவலகத்தில் துப்புரவுப் பணியாளர். புருஷன் இறந்த பிறகு கருணை அடிப்படையில் கொடுத்த வேலை. அவளை வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அவளுடைய நியமன உத்தரவு இன்னும் வரவில்லையாம். இரண்டு நாள் கேட் அருகே அழுதுகொண்டு நின்றாள். மூன்றாம் நாள் கையில் தூக்குப் போசியோடு வந்தாள்.

"இதை அவருகிட்டக் குடுத்துருங்க பாய். ராகிக் களியும் கீரையும்."

"அக்கா..." என்றேன்.

"எனக்குத் தெரியாதுங்களா பாய்? நாந்தான் எட்ட நின்னு தண்ணி ஊத்தி அனுப்பி வெச்சேன். கிட்டப் போயி மொகத்தைக்கூடப் பார்க்க உடல, பையில கட்டிக் குடுத்தாங்க. இப்ப அவரு உள்ள இருக்கறாருன்னு கவர்மென்டே எழுதியிருக்குது. எழுதுனா எழுதிட்டுப் போகட்டும். சோறு கொண்டாரதுல எனக்கென்ன கொறஞ்சு போகுது?"

தூக்குப் போசி ஸ்டூலின் கீழே இருந்தது. சாயங்காலம் நிறைந்தபடியே திரும்பி வந்தது. மறுநாளும் கொண்டு வந்தாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. உறையின்மேல் ஆகஸ்ட் 2025 என்று முத்திரை இருந்ததால் கந்தப்பன் அதைப் பிரிக்கவில்லை. ஒரு தட்டு வாங்கி வைத்து, "இன்னும் வராத தபால்" என்று சீட்டு ஒட்டி, அதில் போட்டார். தட்டு நிறைந்துகொண்டே போனது.

இப்படியே ஆகஸ்ட் முடிந்தது. தினமும் காலையில் நான் போய் வி.எம்.மை எழுப்பினேன், என் கையாலேயே அந்த அமாவாசையைக் கொண்டு வந்தேன். வராமல் இருந்துவிடலாம்தான். ஆனால் சான்று அந்தப் பெட்டிக்குள்தானே இருக்கிறது? வீட்டில் ஷம்ஷாத் காலண்டர் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் என்னைப் பார்ப்பாள்.

"இன்னிக்காச்சும் கெடைக்குமாங்க?"

"கெடைக்கும்."

"நேத்தும் இதத்தானே சொன்னீங்க."

"நேத்தே இன்னும் முடியலடி அங்க" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும்தான். கடைசியில் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, கையில் கிடைத்தவரை எல்லாம் பிடித்துக் கத்தினேன்.

செப்டம்பர் எட்டாம் தேதி திங்கட்கிழமை இணைப் பதிவாளர் வசந்தாமணி காரில் வந்து இறங்கினார். கடிதத்தைத் தட்டில் போடலாம், நேரில் வந்த இணைப் பதிவாளரைப் போட முடியாது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் மூலையில் இருந்த டீயைப் பார்த்தார், பெஞ்சில் இருந்த நந்தகுமாரைப் பார்த்தார், திரையில் இருந்த தேதியைப் பார்த்தார். எனக்கு உயிர் வந்தது. படித்த அம்மாள், இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

"இது பெரிய தவறு" என்று ஆரம்பித்தார். "நாலரை ஆண்டுகளை இந்தக் கிளை நடத்தாமல் விட்டிருக்கிறது. இதை இரண்டு சொடுக்கில் மறைக்கப் பார்க்கிறீர்களா? நிர்வாகம் என்பது தொடர்ச்சி. மக்கள் வேண்டுமானால் ஒரு நாளைத் தவற விடலாம். அலுவலகம் விடக் கூடாது. தாண்டிக் குதிக்க நாம் என்ன குரங்குகளா? விட்டுப்போன ஒவ்வொரு நாளையும் முறைப்படி திறந்து, வருகைப் பதிவு எடுத்து, முறைப்படி மூடுங்கள். மக்களுக்குச் சான்று கிடைக்கிறதா இல்லையா என்று தலைமையில் யாரும் என்னைக் கேட்பதில்லை. நாட்கள் சரியாக மூடப்பட்டனவா என்றுதான் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன்."

"அம்மா, அந்த நாளெல்லாம் ஏற்கனவே நடந்து முடிஞ்சுதுங்களே!" என்றேன்.

"நடந்தது வேறு, மூடப்பட்டது வேறு" என்றார். "நீங்கள் வெளி ஆள். கடிகாரத்தை ஒரு முறைக்கு ஒரு நாள் மட்டும் முன்னால் தள்ள உங்களுக்கு எழுத்து மூலம் அனுமதி தருகிறேன். ஒரு நாள்தான். அதற்கு மேல் ஒரு நிமிஷம் தள்ளினாலும் அரசுப் பதிவை மோசடி செய்த குற்றம். தினசரி அறிக்கைப் படிவத்தில் பத்து வரி இருக்கிறது. ஆகவே ஒரு வேலை நாளுக்குப் பத்து நாள். சாயங்காலம் இவரே முறைப்படி அணைக்கட்டும்."

காரில் ஏறிப் போய்விட்டார். நான் கணக்குப் போட்டேன். பாக்கி ஆயிரத்து அறுநூற்று எழுபது நாள். தினம் பத்து என்றால் நூற்று அறுபத்தேழு வேலை நாள். தஸ்னீமுக்கு மிச்சம் இருந்தது எட்டு வேலை நாள்.

நாட்களை நடத்த ஆரம்பித்தார்கள். ஒரு நாளுக்கு நாற்பது நிமிஷம். நான் கடிகாரத்தைத் தள்ளுவேன். கந்தப்பன் "வணக்கம்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருவார். பழைய வருகைப் பதிவேட்டைப் பார்த்து, அன்று வந்தவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், வராதவர்கள் வெளியே போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லோரும் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நாற்பது நிமிஷம் நிற்போம். ஏப்ரல் ஆறு, தேர்தல் விடுமுறை. அதற்கடுத்த நாளை நடத்த உள்ளே வந்த கந்தப்பன் விரலில் மை வைத்திருந்தார். எங்கே வாங்கினார், யார் வைத்துவிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார் என்பதுதான் பயம்.

இப்போது அமாவாசை இல்லையே, சான்று கொடுங்கள் என்று தினமும் கேட்டேன். கொடுக்க அவர்கள் தயார்தான். ஆனால் சான்றில் தேதியும் வயதும் வி.எம். தானாகவே அச்சடிக்கும். ஒன்று வாங்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். "நாலரை வருஷத்துக்கு முந்தின சான்று செல்லாது. புதுசு கொண்டு வாங்க, சீக்கிரம்" என்று அங்கிருந்த நர்ஸ் போனில் சொன்னார்.

ஏப்ரல் நடுவில் ஒருவர் விட்டு ஒருவர் உட்காரச் சொல்லி உத்தரவு ஒட்டினார்கள். அறையில் பாதி நாற்காலிகள் காலியாயின. கந்தப்பன் இருமினால் மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "மே பத்துல இருந்து ஊரடங்குங்க பாய். ஆபீஸ பூட்டிப்போடுவாங்க. எத்தனை நாளைக்குன்னு பழைய ஃபைலப் பார்த்துத்தான் சொல்லோணும்" என்று பெஞ்சிலிருந்து நந்தகுமார் குசுகுசுத்தார். அவர் தாடி வளர்ந்திருந்தது. அவருடைய டோக்கன் எண்ணை இன்னும் யாரும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் பதினேழு, புதன்கிழமை. ஏப்ரல் இருபத்து மூன்றில் ஆரம்பித்தோம். பன்னிரண்டு மணிக்கு ஏப்ரல் இருபத்தாறு வந்தது. டீ வந்தபோது மூலை ஸ்டூலில் டம்ளர் வைக்கவில்லை. பதிவேட்டில் நாச்சிமுத்துவின் பெயருக்கு நேரே "மருத்துவ விடுப்பு" என்று இருந்தது.

வெளியே செல்லியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஏனுங்க அவருக்கு டீ வெக்கல?"

விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"முப்பதாந்தேதி காலையில நாலு மணிக்குங்க பாய். இன்னிக்கே முப்பது வந்துருமுங்களா?"

"சாயங்காலத்துக்குள்ள வந்துருங்க அக்கா."

"தள்ளாதீங்க சாமி. உங்க கையிலதான இருக்குது. இருபத்தொம்பதோட நிறுத்திப்போடுங்க. ஒரு தடவ பார்த்துட்டேன். இன்னொருக்கா என்னால முடியாதுங்க."

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. என் பிள்ளைக்கு இருப்பது ஒரே ஒரு மத்தியானம். இவளோ பொய்க்கு எழுதிய ஒரு பெயருக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஒன்று இருபதுக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். சர்வர் அறையில் நான் மட்டும் இருந்தேன். மவுஸைத் திரையின் மூலைக்கு நகர்த்தினேன். ஒரு சொடுக்கு, இரண்டு சொடுக்கு. 27-04-2021 போய் 17-09-2025 வந்தது. ஒன்றும் ஆகவில்லை. விளக்கு அணையவில்லை, மணி அடிக்கவில்லை. வி.எம். சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. ஷம்ஷாத்தின் அட்டை எண்ணைத் தட்டினேன். பிரிண்டரிலிருந்து காகிதம் வெளியே வந்தது. தஸ்னீம். வயது: 5 வருடம் 11 மாதம் 30 நாள். தேதி: இன்றைய தேதி.

ஓடினேன். கந்தப்பன் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வட்ட முத்திரை அவர் மேஜைமேல்தான் இருந்தது.

"அய்யா, ஒரே ஒரு முத்திரை. ஒரு கையெழுத்து. உங்க காலுல வேணும்னாலும் உழறேன். ரெண்டரை மணி பஸ்ஸப் பிடிச்சா அஞ்சு மணிக்குள்ள சேலத்துல குடுத்துருவேன்."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பேரு சரியா இருக்குது. எண்ணு சரியா இருக்குது. பாய், இந்தத் தேதி இன்னும் வரலைங்களே."

"அய்யா, இன்னிக்குத்தானுங்க அந்தத் தேதி! வெளிய போயி ரோட்டுல யாரை வேணாலும் கேளுங்க!"

"ரோட்டுல போறவன் கையெழுத்துப் போடுவானுங்களா?" என்றார் பொறுமையாக. "நானும் புள்ள குட்டிக்காரன்தான் பாய். உங்களுக்கு உதவக் கூடாதுன்னு இல்ல. இந்தக் காயிதத்தைக் கிழிக்க மாட்டேன். இதா, இப்படிப் பத்திரமா வெக்கறேன்." எழுந்து போய் அதை "இன்னும் வராத தபால்" தட்டில் வைத்தார். "அந்தத் தேதி வாரப்ப மொத வேலையா இதுக்குத்தான் முத்திரை. நானே ஆள் உட்டுக் கூப்புடறேன்."

அவர் என் தோளைத் தட்டினார்.

"எதுக்கு இப்புடி அவசரப்படறீங்க? பாப்பாவுக்கு ஆறு வயசு முடியறதுக்குள்ளதானே வேணும்? இன்னிக்கு ஏப்ரல் இருபத்தேழு. பாப்பாவுக்கு ஒன்றரை வயசுதான் ஆகுது. இன்னும் நாலு வருசத்துக்கு மேல கெடக்குதுங்க பாய்."

நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று நினைவில்லை. கேவலமான வார்த்தைகள். அதற்குள் சர்வர் அறைக்குப் போன நந்தகுமார் திரையைப் பார்த்துவிட்டார். தலைமைக்குப் போன் போனது. வசந்தாமணியின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் நாட்கள் திறக்கப்படாமலேயே தாண்டப்பட்டிருக்கின்றன, வரிசை கெட்டுவிட்டது, இதுவரை நடத்திய நாட்கள் எதுவும் செல்லாது, ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி முதல் தேதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"இவரை என்னங்கம்மா பண்றது? போலீஸ்ல குடுத்தரலாமுங்களா?" என்று கந்தப்பன் கேட்டார்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "குற்றம் நடந்த தேதி என்ன?"

"பதினேழு ஒன்பது இரண்டாயிரத்து இருபத்தஞ்சுங்க."

"அந்தத் தேதி இன்னும் வரவில்லை. வராத தேதியில் நடந்த குற்றத்துக்கு இப்போது நடவடிக்கை எடுக்க முடியாது. புகாரை எழுதி வையுங்கள். தேதி வரும் அன்று கைது செய்யச் சொல்லுங்கள்."

புகாரை எழுதினார்கள். என்னிடமே கையெழுத்து வாங்கினார்கள். அதையும் அதே தட்டில், தஸ்னீமின் சான்றுக்கு மேலே வைத்தார்கள். இரண்டும் ஒரே நாளில் வரும்.

பிறகு என்னை நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் சுற்றி நின்று, ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பச் சொன்னார்கள். திருப்பினேன். பிப்ரவரி பதினொன்று. வாட்ச்மேன் போய்க் கவுண்டரைச் சாத்தி, அமாவாசை அட்டையை மாட்டினார். வெளியே தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. மூலை ஸ்டூலைத் துடைத்தார்கள்.

கேட்டைத் தாண்டும்போது செல்லியம்மாள் ஓடி வந்தாள். சேதி அவளுக்கு எட்டியிருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அவரு தப்பிச்சுட்டாருங்க பாய். மருவுடியும் அமாவாசைக்கே கொண்டாந்துட்டீங்களாமே. நீங்களும் உங்க புள்ளையும் நல்லா இருக்கோணும் சாமி. எனக்காகத்தான் பண்ணீங்கன்னு எனக்குத் தெரியும்."

மெல்லக் கையை உருவிக்கொண்டேன். வீட்டுக்கு நடந்தேன்.

ஷம்ஷாத் பையை எடுத்துத் தயாராக வாசலில் நின்றாள். புது துப்பட்டா போட்டிருந்தாள். "கெடச்சுருச்சாங்க? பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

என்ன நடந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். தஸ்னீம் எங்கள் நடுவில் நின்று அண்ணாந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சை அவள் அப்படித்தான் பிடிப்பாள். ஐந்தாறு வார்த்தை அவளுக்குத் தெரியும். அதில் 'இல்லை' என்பதும் ஒன்று. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன்.